தடைப்பலகை மேல் கட்டிய பிளக்ஸ்

எங்கள் ஊர் மேட்டுத்துறையில் கிருமிகளுக்குக்கூட மரியாதை உண்டு. சோதனைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்தால் போதும், மந்திரி வரும்போது ரோட்டோரம் இழுப்போமே, அதேபோலக் காவிரிப் படிகளின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் கோடு இழுத்துவிடுவோம். கோட்டைத் தாண்டி எந்தக் கிருமியும் வராது என்பது விழாக்குழுத் தலைவர் ஜெயபிரகாஷின் கொள்கை. துறைக்கு இருபதடி மேலே ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலப்பதைப் பற்றிக் கொள்கை ஒன்றும் சொல்லவில்லை.

ஆடிப் பதினெட்டுக்குப் பத்து நாள் முன்னால், தண்ணீர் சோதிக்கிற அறிவுச்செல்வி அம்மா அஸ்தம்பட்டியிலிருந்து வந்தார். கோட்டைப் பார்த்தார், சிரிக்கவில்லை. ஆற்றில் இறங்கிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார். ஐந்தாம் நாள் முடிவோடு திரும்பி வந்தார்.

“மலக்கிருமி பல மடங்கு இருக்குதுங்க. சாக்கடையத் திருப்புற வரைக்கும் யாரும் குளிக்கக் கூடாது. கொழந்தைங்கள எறக்கவே கூடாது.”

“ஏனுங்கம்மா, ஓடற தண்ணிக்கு ஏதுங்க தீட்டு?” என்றார் தலைவர்.

“தீட்டுக்கு எங்ககிட்ட மெசின் இல்லீங்க. கிருமிக்குத்தான் இருக்குது.”

போகும்முன் படியோரம் சிவப்புப் பலகை ஒன்றை நடச்செய்தார்: ‘குளிக்கத் தடை. நீரில் நோய்க்கிருமி.’

தலைவர் சட்டத்தை மதிப்பவர். பலகையைப் பிடுங்கவில்லை. அதை மறைத்துப் பன்னிரண்டடி பிளக்ஸ் கட்டினார். ‘புனித நீராட வருக வருக’ என்று கும்பிட்ட கையோடு அதில் அவரே சிரித்தார். அது தப்பென்று எனக்குத் தெரியும். ஆனால் நானும் விழாக்குழு உறுப்பினன். கீழ்வரிசையில் ‘பச்சமுத்து’ என்ற பெயரோடு, தபால்தலை அளவில் என் முகமும் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பதினெட்டு அன்று துறையில் எள் போட்டால் எள் விழாது. தறி ஓட்டுகிற அத்தாயி தன் மகனை மூன்று முறை முக்கி எடுத்தாள். தலைவர் மைக்கில் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். அப்போது எருமப்பட்டியில் கட்டிக்கொடுத்த அவர் மகள் கயல்விழி, சொல்லாமல் கொள்ளாமல், ஏழு மாதக் குழந்தையோடு வந்து நின்றாள்.

“அப்பா, இவனுக்கு மொத முழுக்கு நம்ம தொறையிலதான் போடோணும்னு ஊட்டுக்குக்கூடப் போகாம நேரா வந்துட்டேனுங்க.”

சொல்லிக்கொண்டே படியில் கால் வைத்தாள்.

“எறங்காத சாமி! புள்ளயக் கரையேத்து! இந்தத் தண்ணி ஆகாது!”

மைக்கை அணைக்க அவருக்கு ஞாபகம் வரவில்லை. துறை முழுக்கக் கேட்டது.

“ஊரே குளிக்குதுங்களேப்பா?” என்றாள் மகள், இன்னும் ஒரு படி இறங்கி.

தலைவர் பாய்ந்து போய்த் தன் சிரிப்பைத் தானே கிழித்தார். சிவப்புப் பலகை வெளியே வந்தது. ஈரம் சொட்டும் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தாயி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“இது எப்பங்க நட்டது?”

தலைவர் மகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். “அஞ்சு நாளாச்சு,” என்றேன் நான்.

“உங்க பேரனுக்கு ஆகாத தண்ணிய எம்புள்ள ரெண்டு வாய் குடிச்சிருச்சுங்களே.”

அவள் காலடியில் பிளக்ஸின் கிழிந்த துண்டு ஒன்று கிடந்தது. அதில் என் முகம் மட்டும் முழுசாக இருந்தது. அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.