பின் சீட்டு

துக்கிஜான் தன் ஸ்கூட்டரை ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். விடிந்தால் போதும், தெம்பே என்ற சோயாக் கட்டி விற்கும் வார்சினியின் கூடையைப் பின் சீட்டில் வைத்துக் கட்டி, அவளோடு சந்தைவரை இரண்டு கிலோமீட்டர் நடப்பார்.

"பெட்ரோல் தீந்துபோச்சா அண்ணே?" என்பார் காப்பிக் கடைக்காரர் தினமும்.

"ஆறு மாசமாவா தீரும்? வண்டிக்கு வயசாச்சு. கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போறாரு!" என்பாள் கடைக்காரர் மனைவி.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஊருக்கு வேறென்ன வேலை! நான்கு வருடத்துக்கு முன் மழையில் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது துக்கிஜானின் மனைவி பின்னாலிருந்து விழுந்தாள்; பிழைக்கவில்லை. அவள் விழுந்தது தெரியாமல் பாலம்வரை அவளிடம் பேசிக்கொண்டே போன மனிதர் அவர். அதன்பிறகு பின்னால் யாரையும் ஏற்றியதில்லை. வார்சினியின் புருஷன் லாரியில் மோதிச் செத்தபோது அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அவர் முதுகத் தவிர ஒண்ணும் தெரியல. இனிமே ஜென்மத்துக்கும் யார் பின்னாடியும் உக்கார மாட்டேன்" என்று ஒருநாள் நடையிலேயே சொல்லியிருந்தாள். அவரும் தன் கதையைச் சொன்னார். பிறகு இருவரும் மிளகாய் விலையைப் பற்றிப் பேசினார்கள்.

அப்படியே காலம் போயிருக்கும். ஆனால் சந்தையைப் பதினாலு கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது. வரும் திங்கள் காலை எட்டு மணிக்குக் கடைக்குச் சீட்டுக் குலுக்கல். நேரில் வராதவருக்குக் கடை இல்லை. பதினெட்டு வருடப் பிழைப்பு! வார்சினிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் முன்னால் வந்து நின்றாள். "நீங்க ஏத்த மாட்டீங்க, நான் உக்கார மாட்டேன். சரி, நானே ஓட்டுறேன். கத்துக் குடுங்க."

பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று நாள் அவள் ஓட்ட, அவர் மூச்சிரைக்கக் கூடவே ஓடினார். இரண்டு தடவை வேலியில் விட்டாள். திங்களன்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "ஏறுங்க, வழி சொல்ல ஆள் வேணும்" என்றாள். கூடையைக் காலடியில் வைத்தாள். தோளில் கூடை கட்டும் நீளத் துணியை அவர் இடுப்பையும் தன் இடுப்பையும் சுற்றி இறுக்கி முடிந்தாள்.

"ஐயோ, ஊர் பாக்குது!"

"பாக்கட்டும். விழுந்தா ரெண்டு பேரும் சேந்துதான்."

"காஜியார் இல்லாமலே கல்யாண முடிச்சுப் போட்டாச்சா!" என்று காப்பிக் கடை கைதட்டியது.

வழியெல்லாம் பள்ளத்துக்குப் பள்ளம் கேட்டாள்: "இருக்கீங்களா?"

"இருக்கேன்."

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்கள். கடையும் கிடைத்தது, கக்கூஸுக்கு அடுத்தது. போகட்டும், கடை கடைதானே. திரும்பும்போது அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

பாலத்தருகே, "இருக்கீங்களா?" என்றாள். பதில் இல்லை.

மறுபடி கேட்டாள். இல்லை. துணி இடுப்பில் இறுகித்தான் இருந்தது. ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். அவள் முதுகில் கன்னம் வைத்து, வாயைத் திறந்துகொண்டு, மனிதர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி மனுஷா, உசுரே போயிடுச்சு!" என்று கத்தினாள்.

"பாலம் வந்துடுச்சா?" என்றார் அவர் கண்ணைக் கசக்கி.

"வந்துடுச்சு" என்றாள். முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிவிட்டு மெதுவாக வண்டியை எடுத்தாள்.