காது மேஸ்திரி

டைல்ஸ் வேலைக்காரர்கள் அவரைக் காது மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பதித்த தரையைக் கொத்துக்கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போவார். அடியில் கலவை நிறைந்திருந்தால் 'டக்', காலியாக இருந்தால் 'டொப்'. பக்கத்து அறையில் யாராவது தட்டி 'டொப்' என்று கேட்டாலும், "அதைப் பேத்துப் போடு" என்று இங்கிருந்தே சத்தம் கொடுப்பார். அந்தக் காதை நம்பித்தான் வேலை வந்தது.

கோடையில் காய்ச்சல் கண்டது. தலை இடித்தது. "வெயில்ல குனிஞ்சு கெடந்தா இடிக்காம கொஞ்சுமா?" என்று மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார். காலையில் மனைவி ஜன்னலைத் திறந்ததும் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினார். தண்ணீர் கொடுக்கத் தலையைத் தூக்கினால் கழுத்து மடங்கவில்லை, பலகையாக நின்றது.

ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள்.

"மூளையை மூடியிருக்கற சவ்வுல வீக்கம்" என்றார் டாக்டரம்மா. "மணல் ஈ கடிச்சு வந்த வைரஸ்."

"கொசுவலைக்குள்ளதானேம்மா படுக்கறோம்?" என்றாள் மனைவி.

"அது கொசுவைவிடப் பொடிசு. வலைக் கண்ணுல நுழைஞ்சிடும். பாட்டும் பாடாது. பகல்ல சுவத்து வெடிப்புல பதுங்கிக் கெடக்கும்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். படுக்கையறைச் சுவர் வெடிப்பைப் பூசச் சொல்லி அவள் கேட்டு அலுத்துவிட்டாள். "கலவை மிஞ்சட்டும், பாக்கலாம்" என்பார். ஊரான் வீட்டுக்கெல்லாம் பூசிய கை. இப்போது அவள் போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

இதற்கென்று தனி மருந்து கிடையாதாம். காய்ச்சல் தானே இறங்கியது, கழுத்தும் மடங்கியது. காது மட்டும் திரும்பவில்லை. ஒரு பக்கம் பஞ்சடைத்தது போல அடங்கிப்போனது. மறுபக்கம், எதிரே நின்று பேசினால் ஒப்பேற்றலாம்.

"அபூர்வமா சிலருக்கு இப்படி ஆகும். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார் டாக்டரம்மா.

"உங்கண்ணன்கிட்ட மூச்சு விடாதே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வேலை நடக்கும் வீட்டுக்குக் கிளம்பினார். அவள் அண்ணன்தான் அவருக்குத் தொழில் கூட்டாளி.

"வாங்க மாப்ளே! ஆஸ்பத்திரிச் சோறு உடம்புல ஒட்டலையா?"

வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, கொஞ்சம் பிந்திச் சிரித்தார். "உங்க தங்கச்சி சமையலுக்கு அது தேவலாம் மச்சான்."

மச்சான் சிரிக்கவில்லை. கூடத்துத் தரையைக் காட்டினார். "நான் போட்டதுதான். தட்டிப் பாருங்க."

மேஸ்திரி குந்தி உட்கார்ந்து தட்டிக்கொண்டே நகர்ந்தார். எல்லாக் கல்லும் கம்பளிக்குள்ளிருந்து ஒரே மாதிரிதான் முனகியது. காம்பின் அதிர்வு கையிலாவது தெரிகிறதா என்று பார்த்தார். ஜன்னலோரம்வரை போய் எழுந்தார்.

"கெட்டி. எல்லாமே கெட்டி."

மச்சான் ஜன்னலோரக் கல்லில் கரண்டியைக் கொடுத்து நெம்பினார். டப்பா மூடி மாதிரி கழன்றது. நாலு மூலையில் மட்டும் கலவை அப்பியிருந்தது. நடுவில் வெறும் காலி. வேண்டுமென்றே போட்டது.

"தங்கச்சி ஒண்ணும் சொல்லல" என்றார் மச்சான், முகத்துக்கு நேரே வந்து. "நேத்து கடைத்தெருவுல பின்னாலேருந்து கூப்பிட்டுக்கிட்டே வந்தேன் மாப்ளே. நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க."

மேஸ்திரி கலவையை அள்ளி, குழி நிரப்பி, கல்லை வைத்து அமுக்கினார். மச்சான் தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தார்.

"இனிமே நீங்க போடுங்க. தட்டறதை நான் பாத்துக்கறேன்."

"சரி. பேரை மட்டும் மாத்திடாதீங்க மச்சான்."

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். என்னவென்று மேஸ்திரிக்குக் கேட்கவில்லை.