கதவை நம்பி வெட்டிய சட்டை

என் வீட்டுக்காரருக்குக் கண்ணே டேப்பு. கடைக்குள் நுழைகிற பிள்ளையை ஒரு பார்வை பார்த்தால் போதும், தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவார். எங்களுடையது பள்ளிச் சீருடை தைக்கிற கடை. அவர் வெட்டுவார், நான் தைப்பேன். அவர் கண்ணைப் பற்றி நானே நாலு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். அது அவருக்குத் தலைக்கேறிவிட்டது.

கடல் தாண்டி ஒரு நாட்டில், வசதியில்லாத வீட்டுக் குழந்தை ஒருத்தியை ஒரு தொண்டு நிறுவனம் மூலமாகப் படிக்க வைக்கிறோம். அவள் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, அதனால் எங்களுக்கு அவள் சுண்டெலி. படம் வந்த அன்றே கடைச் சுவரில் ஒட்டியாயிற்று. ஒரு கதவோரம் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். முதல் வகுப்பு. பள்ளி திறக்கிற அன்று சீருடை இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். நிறுவனமே வாங்கித் தருவதாகத்தான் சொன்னது, இவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"தையக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் கடையில வாங்குன உடுப்பா? ஊரே சிரிக்கும்."

அளவெடுத்து அனுப்பச் சொல்லலாமே என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். படத்தில் கதவு இருக்கிறது, கதவு என்றால் ஏழடி, சுண்டெலி அதில் பாதிக்கு மேல் வருகிறாள், இதற்கு மேல் என்ன அளவு என்று கேட்டார். வெட்டின துணியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அந்த ஊர்ப் பிள்ளைகள் வளர்த்தி என்று அடித்துச் சொன்னார். வாயை மூடிக்கொண்டு தைத்தேன். துணி ஓரம் அடிக்கிற எங்கள் ஓவர்லாக் மெஷின் வழக்கம்போல ஊளையிட்டது. அதைத் தள்ளிவிட்டு இந்த வருடம் புதுசு வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தோம்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள்தான் பார்சல் போய்ச் சேர்ந்தது. அங்கே வேலை பார்க்கிற நிறுவனத்துப் பெண், நம் பாஷைக்காரி, வீடியோவில் கூப்பிட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைத் திருப்பினாள். சட்டைக்குள் சுண்டெலியைத் தேட வேண்டியிருந்தது. பாவாடை தரையைப் பெருக்கியது. அந்த நேரம் பார்த்து அவள் அம்மா, பின்னாலிருந்த கதவு வழியாக, முதுகை நன்றாக வளைத்துக் குனிந்து உள்ளே வந்தாள். படத்தில் இருந்த அதே கதவு.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. நாளைக்கு அந்தக் குழந்தையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது? உங்கள் வீம்பால் வந்த வினை என்று ஆரம்பித்தேன். நிறுவனத்துப் பெண் குறுக்கிட்டாள். தலைமையாசிரியையிடம் பேசிவிட்டாளாம், புதுச் சீருடை வரும்வரை சுண்டெலி வீட்டு உடுப்பில் வரலாமாம். போன உயிர் திரும்பி வந்தது.

"பிரச்சனை அது இல்லக்கா. கொஞ்சம் இருங்க."

சுண்டெலி அந்த உடுப்பைக் கழற்றி யாரிடமோ கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அதைப் போட்டுக்கொண்டு வேறொரு பெண் வந்து நின்றாள். தோள், இடுப்பு, நீளம், எதிலும் ஒரு நூல் பிசகில்லை.

"இவ அக்கா. ஒரு வீட்டுல ஒரு பிள்ளையப் படிக்க வைக்கத்தான் எங்களால ஆள் பிடிக்க முடிஞ்சுது. அம்மா சின்னவ பேரைக் குடுத்துட்டு இவளை வேலைக்கு அனுப்பிட்டாங்க. பார்சல் பிரிச்சதும் போட்டுப் பாத்தா. கழட்டச் சொன்னா ஒரே அழுகை."

பெரியவள் போனைப் பார்க்கவே இல்லை. குனிந்து, பாவாடை மடிப்பை நீவிக்கொண்டே நின்றாள். பீஸ் கட்ட ஆள் இருந்தால் இவளையும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டேன். நாளைக்கே சேர்த்துக்கொள்வார்கள் என்றாள் நிறுவனத்துப் பெண். நான் இவரைப் பார்த்தேன். இவர் ஓவர்லாக் மெஷினைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அப்ப கழட்ட வேணாம்னு சொல்லும்மா. நாளைக்கு ரெண்டு பேருமே போகட்டும்" என்றேன்.

அவள் அதை அங்கே சொல்லி முடிப்பதற்குள் பெரியவள் தங்கையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். இவருக்கு உடனே தெம்பு வந்துவிட்டது.

"பாத்தியா, என் கண்ணு தப்பல."

சின்னவளுக்கு டேப்பு வைத்து அளவெடுத்து அனுப்பும்படி நான் போனில் சொன்னேன், அவர் காதில் விழும்படி. அளவு வந்த அன்றே தைக்க உட்கார்ந்தேன். மெஷின் ஊளையிட்டது. இன்னும் ஒரு வருடம் ஊளையிடட்டும்.