வின்ஸ்ரனின் முழுப்பெயர்

சனிக்கிழமை பின்னேரம் அப்பாவின் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா கட்டிலில் இருந்தபடி, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"பிள்ளை, நாளைக்கு நான் அந்தப் பெடியன்ரை தலையிலை கை வைக்கேலாது."

காலரைக் கருக்கியிருப்பேன், நல்லவேளை கையை எடுத்துவிட்டேன்.

அந்தப் பெடியன் யோசுவா. அடுத்த மாதம் என் மகள் ஜெசிக்காவைக் கட்டப்போகிறவன். கானாவில் பிறந்து, நடக்கப் பழகியது இங்கே, இத்தாலியின் பலெர்மோவில். கபோ சந்தையில் மீன்காரனோடு சிசிலியனில் அவன் விலை பேசினால் மீன்காரனே தோற்றுப்போவான். கலியாணம் ரோமில், எங்கள் சபையின் ஆலயத்தில். அங்கே கட்டுவதென்றால் மாப்பிள்ளைக்கு மூப்பர் என்ற ஆசாரியத்துவம் இருக்கவேண்டும். அதைக் கொடுப்பதற்கு ஏற்கெனவே மூப்பராக இருக்கும் ஆண்கள் அவன் தலையில் கை வைத்து, ஒருவர் வாய்திறந்து சொல்லவேண்டும். யார் சொல்வது என்பதை அவனே தேர்ந்தெடுக்கலாம். அவன் தேர்ந்தெடுத்தது என் அப்பாவை.

எங்கள் சபை மோர்மன் சபை. மன்னாரில் இருந்து வந்த மற்றச் சனமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக, நாங்கள் மட்டும் வேறு பக்கம் போவோம். அப்பா கழுத்தில் ரை கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் "மோர்மன் பேனாட் பாங்குக்குப் போறார்" என்று சிரிப்பார்கள். படிக்கப் போன லண்டனில் 1976இல் சேர்ந்தவர். விசா முடிந்து இத்தாலிக்கு வந்து, சின்யோரா என்கிற வீட்டுக்கார அம்மாமாரின் வீடுகளில் தரை துடைத்த காலத்திலும் விடவில்லை. எத்தனையோ பெடியன்களின் தலையில் கை வைத்திருக்கிறார். இப்போது மட்டும் ஏலாதாம்.

முதலில் எனக்கு வந்த யோசனை கேவலமானது. வாயாலும் கேட்டுவிட்டேன்.

"அவன் கறுப்பெண்டோ அப்பா?"

"விசர்க் கதை கதையாதை."

கேட்டிருக்கக்கூடாது. ஜெசிக்கா முதன்முதலில் அவனைப் பற்றிச் சொன்னபோது, "உனக்கு வேறை ஆளே கிடைக்கேல்லையா?" என்று கத்தியது நான்தான். என் வாயை அடைத்தது அப்பா.

"நேற்று அவன் வந்தவன்," என்றார் அப்பா. "உங்களுக்கு ஆர் கை வைச்சது, அவருக்கு ஆர் வைச்சது எண்டு கேட்டவன். எனக்கு வைச்சவருக்குக் கீழை என்ரை பேர், என்ரை பேருக்குக் கீழை தன்ரை பேர் எண்டு எழுதி வைக்கப்போறானாம். அவ்வளவு சந்தோசம் அவனுக்கு. நான் எடுத்த நேரம் கறுப்பு ஆக்களுக்கு இது குடுக்கிறேல்லை பிள்ளை."

தெரியும். குடும்பத்தில் ஒரு மாமா மறியலுக்குள் கம்பி எண்ணிவந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் அல்லவா, அந்த மாதிரி எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும். ஆப்பிரிக்க இரத்தம் உள்ளவர்கள் ஞானஸ்நானம் எடுக்கலாம், ஆசாரியத்துவம் எடுக்கமுடியாது. 1978 வரைக்கும் அப்படித்தான். யாராவது கேட்டால் "அது அந்தக் காலம்" என்று சொல்லிவிட்டுக் கேக்கை வெட்டிக் கொடுப்போம்.

"லண்டனிலை என்ரை அறையிலை வின்ஸ்ரன் எண்டு ஒருத்தன் இருந்தவன்," என்றார். "கயானாக்காரன். தகப்பன் பக்கம் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழ்ச் சனம். பாக்க எங்களை மாதிரித்தான். ரெண்டு பேரும் ஒரே நாள்தான் ஞானஸ்நானம் எடுத்தனாங்கள். ஊழியத்துக்கு வந்த அமெரிக்கப் பெடியன்கள் அவனுக்கும் குடுக்கத்தான் இருந்தவை. அவன்ரை அம்மம்மா ஆப்பிரிக்கா எண்டு நான் சொல்லிப்போட்டன்."

"ஏன் சொன்னனீங்கள்?"

"கேட்டவை." அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். "கேட்டாப் பொய் சொல்லேலுமே?"

அந்தச் சொல்லை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "கேட்டதுக்கு உண்மையைச் சொன்னனீங்கள். சட்டம் சபையின்ரை. இதிலை உங்களிலை என்ன பிழை? கலியாணம் முடியுமட்டும் தயவுசெய்து வாயைத் திறவாதேங்கோ. கிறேஸ் அறிஞ்சா எல்லாம் முடிஞ்சுது."

"ஓம்" என்றார் அப்பா. அந்த ஓம் எனக்குப் பிடிக்கவில்லை.

கிறேஸ், யோசுவாவின் தாய். ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் தலைமயிர் பின்னும் கடை வைத்திருக்கிறா. புருசன் இல்லாமல் ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவ. ஒருவரையும் லேசில் நம்பமாட்டா. எங்கள் குடும்பத்தை நம்பினது அப்பாவை வைத்துத்தான். அவ வேண்டாம் என்றால் யோசுவா தாயை மீறி வரமாட்டான் என்பது எனக்கும் தெரியும், ஜெசிக்காவுக்கும் தெரியும்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. எங்களுக்கு அன்று உபவாசம், காலையில் இருந்து பச்சைத்தண்ணியும் இல்லை. என் மனுசனுக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் ரெஸ்ரோறன்ற் வேலை, அவர் சபைப் பக்கமும் வருவதில்லை. அப்பா, நான், ஜெசிக்கா மூவரும் போனோம். மழைக்குளிர். அப்பா தன் பழைய நீளக் கோட்டைப் போட்டிருந்தார். பஸ்ஸில் நான் பேச்சுக் கொடுக்கவில்லை. கிளறினால் கொட்டிவிடுவார் என்ற பயம்.

ஆராதனை முடிந்ததும் சின்ன அறைக்குப் போனோம். நடுவில் ஒரு கதிரை. அதில் யோசுவா, முதுகை நேராக வைத்துக்கொண்டு. சுற்றிவர நாலு ஆண்கள். எங்கள் கிளைத் தலைவர் சால்வோ, பஸ் ஓட்டுகிறவர். அவருக்குப் பக்கத்தில் அப்பா. அவரவர் வலக்கை யோசுவாவின் தலையில், இடக்கை பக்கத்து ஆளின் தோளில். சுவர் ஓரமாகக் கிறேஸ், ஜெசிக்கா, நான். அப்பாவின் கோட்டு கிறேசுக்குப் பக்கத்துக் கதிரையில் கிடந்தது.

முதலில் ஆளின் முழுப்பெயரைச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

"யோசுவா குவாமே மென்சா," என்றார் அப்பா.

நிறுத்தினார்.

யாருடைய வயிறோ இரைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டேன். கும்பிட்டது யோசுவாவுக்காக இல்லை. ஆண்டவரே, இந்த மனுசன் மிச்சத்தையும் சொல்லி முடிக்கட்டும், வேறு ஒன்றும் சொல்லக்கூடாது என்றுதான். கண்ணைத் திறந்தபோது அப்பா கையை எடுத்திருந்தார்.

"இந்தக் கையாலை ஏலாது," என்று முதலில் தமிழில் சொன்னார். பிறகு இத்தாலியனில் தொடங்கினார். வின்ஸ்ரனைச் சொன்னார். லண்டன் அறையைச் சொன்னார். என்னிடம் சொன்ன அளவுக்கு எல்லாவற்றையும் சொன்னார். "அது அந்தக் காலத்து விதி" என்று நான் குறுக்கே விழுந்தேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிறேஸ் எழும்பினா. சத்தம் போடுவா என்று எதிர்பார்த்தேன். போடவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அந்த விதி எனக்குத் தெரியும்," என்றா. "இங்கே சேரமுதல் எல்லாவற்றையும் வாசித்தேன். கடவுளோடு சண்டை பிடித்துவிட்டுத்தான் சேர்ந்தேன். விதியை விடுங்கள். உங்கள் வாயில் இருந்து என்ன வந்தது? அதைச் சொல்லுங்கள்."

"அவனுடைய அம்மம்மா ஆப்பிரிக்கப் பெண் என்று சொன்னேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படம் காட்டினான். சூட்கேஸ் மூடிக்கு உள்ளே ஒட்டி வைத்திருந்தான். அவனை வளர்த்தது அவதான்."

"அவனைப் பற்றிக் கேட்டார்களா?"

நான் மனதுக்குள் சொன்னேன்: ஓம் என்று சொல்லுங்கோ அப்பா. நேற்று எனக்குச் சொன்னனீங்கள்தானே.

"இல்லை," என்றார் அப்பா. "என்னைத்தான் கேட்டார்கள். அவனைவிட நான் கறுப்பு. அந்த அமெரிக்கப் பெடியன்களுக்கு என்னில்தான் சந்தேகம். உன் பரம்பரையில் ஆப்பிரிக்கர் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குக் கோபம், வெட்கம். என்னைப் போய் அப்படி நினைத்துவிட்டார்களே என்று. என்னைக் கேட்கிறீர்கள், அவனுடைய அம்மம்மாவைப் போய்ப் பாருங்கள் என்றேன். ஒருவரும் அவனைப் பற்றிக் கேட்கவில்லை."

எனக்கு முகம் சுட்டது. அந்த வெட்கம் எனக்குத் தெரிந்த வெட்கம். எங்கள் சனத்துக்குள் நிறத்துக்குத் தரம் பார்த்தே வளர்ந்தவள் நான். வெயிலுக்குள் போகாதே, கறுத்துப்போவாய் என்று ஜெசிக்காவுக்கும் சொல்லித்தான் வளர்த்தேன். அப்பா எப்படி அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"அதற்குப் பிறகு?" என்றா கிறேஸ்.

"எனக்குக் கை வைத்தார்கள். அவன் வெளியே கொரிடோரில் நின்றான். என் கோட்டை வைத்துக்கொண்டு நின்றான். நான் வெளியே வந்ததும் எனக்குப் போட்டுவிட்டான். வாழ்த்துச் சொன்னான்."

"யார் சொன்னது என்று அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பிறகு விதி மாறியதே. அவனைத் தேடினீர்களா?"

"இல்லை. அதற்குள் அறையை விட்டுப் போய்விட்டான். தேடவில்லை."

"முழுப்பெயர் என்ன?"

"வின்ஸ்ரன்."

"முழுப்பெயர் கேட்டேன்."

அப்பாவின் உதடு அசைந்தது. மன்னார்க் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவுகளில் எல்லாம் தேடி, தன் பூட்டனின் பூட்டன் வரைக்கும் பெயர் வைத்திருக்கிற மனுசன். செத்துப்போன சொந்தங்கள் எல்லாருக்கும் பதிலாக ஆலயத்தில் ஞானஸ்நானம் எடுப்பிக்கப் பெயர் கொடுத்தவர். ஞானஸ்நானத் தண்ணீருக்குள் வின்ஸ்ரனின் முழுப்பெயரைச் சத்தமாகச் சொன்னபோது பக்கத்தில் ஈரத்தோடு நின்றவர். நின்று நின்று யோசித்தார்.

"எனக்கு நினைவில்லை," என்றார்.

சால்வோவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பாவம், நல்ல மனுசன். "சகோதரர் பேனாட் கொஞ்சம் இருக்கட்டும். நான் சொல்லி முடிக்கிறேன்" என்றார்.

"வேண்டாம்," என்றான் யோசுவா.

அதுவரைக்கும் அவன் கதிரையை விட்டு அசையவில்லை. இப்போது எழும்பி அப்பாவைப் பார்த்தான். ஜெசிக்காவிடம் பழகிய தமிழில் மெதுவாகச் சொன்னான்.

"அம்மப்பா, அந்த ஆளின்ரை பேரைக் கண்டுபிடியுங்கோ. அவர் இருந்தா அவருக்குச் சொல்லுங்கோ. இல்லாட்டி அவரின்ரை பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு வந்து கை வையுங்கோ. நீங்கள்தான் வைக்கவேணும். வேறை ஒருத்தரும் வேண்டாம்."

"அப்ப கலியாணம்?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் மூப்பராகாமல் ரோமுக்குப் போகேலாது அன்ரி. நான் காத்திருக்கிறன். ஜெசிக்கா காத்திருப்பாளோ தெரியாது."

ஜெசிக்கா அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "உங்களுக்கு நேற்றே தெரியும், என்னம்மா?" என்றாள். அவள் போய் யோசுவாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

கிறேஸ் கதிரையில் கிடந்த கோட்டை எடுத்தா. ஒரு கணம் அதை வைத்துக்கொண்டு நின்றா. பிறகு கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தா.

"இதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்," என்றா.

அப்பாவின் வலது தோள் அவ்வளவாகத் தூக்க வராது. எப்போதும் நான்தான் பிடித்துவிடுவேன். அன்று கிட்டப் போகாமல் நின்றேன். முதல் கையைப் போட்டு, மற்றக் கையைத் தேடி, எல்லாரும் பார்த்திருக்க நெடுநேரம் எடுத்துப் போட்டார். அழுகை வந்தது எனக்கு. அவர் மீது கோபமும் வந்தது. என் மகளின் கலியாணத்தைக் காற்றில் தூக்கி விட்டுவிட்டாரே என்ற கோபம், அதுவும் ஒரு பொய்யை எனக்குச் சொல்லி உறங்கவைத்துவிட்டு.

வீட்டில் சோற்றைப் போட்டு மேசையில் வைத்தேன். உபவாசம் முடிக்கிற நேரம் ஆகிவிட்டது. அப்பா தொடவில்லை. கோட்டையும் கழற்றவில்லை. லண்டனில் கொன்ஸ்ரன்ரைன் மாமாவைப் போனில் பிடிக்கச் சொன்னார். அப்பாவோடு அங்கே படித்தவர், அதே வீட்டில் மேல் அறையில் இருந்தவர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"கொன்ஸ்ரன், எங்கடை வீட்டிலை கீழ் அறையிலை வின்ஸ்ரன் எண்டு ஒரு பெடியன் இருந்தவன், நினைவிருக்கே?"

"ஆர், அந்தக் காப்பிலியோ?"

கறுப்பு ஆக்களை எங்கள் சனம் இழிவாகச் சொல்கிற சொல். அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்பிடிச் சொல்லாதை."

"அட, நாங்கள் எல்லாரும் அப்பிடித்தானே சொல்றனாங்கள். எங்களுக்கு அவன்ரை அம்மம்மாவைப் பற்றிச் சொன்னதே நீதானே பேனாட். நல்ல பெடியன். எனக்குச் சப்பாத்துத் தைச்சுத் தந்தவன்."

"அவன்ரை முழுப்பேர் என்ன?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?" போனுக்குள் மாமா சிரித்தார். "நீதானே அவனோடை ஒரே சட்டியிலை சாப்பிட்டனி."

அப்பா போனைத் தள்ளி வைத்தார். சோற்றைப் பார்த்தார், அதையும் தள்ளி வைத்தார்.

"லண்டனிலை வேறை ஆர் இருக்கினம்?" என்றார். "அடுத்த ஆளைப் பிடி பிள்ளை."

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, அடுத்த ஆளுக்குப் போன் அடித்தேன்.