மானாவாரி நீங்கலாக

காலை பத்தரைக்கே பத்திரகாளி வந்து உட்கார்ந்துவிட்டாள். எம்.பி. சோலைராஜின் கோவில்பட்டி அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. அதுவும் கால் கோணியது. எதிரே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டி.வி. அதில் டெல்லி நாடாளுமன்றம். அங்கே இன்றைக்கு அவளுடைய நாலு ஏக்கருக்கு நாள் குறிக்கப் போகிறார்கள். அவள் பெயரைச் சொல்லிச் செய்யமாட்டார்கள். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர்கள் அங்கே கிடையாது.

'தரிசு நில சூரிய மின்சக்தி மசோதா' என்று அதற்குப் பெயர். கோடையில் வானத்திலிருந்து படம் எடுப்பார்களாம். படத்தில் பயிர் தெரியாத நிலமெல்லாம் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் முப்பது வருஷத்துக்குக் கம்பெனிக்குக் குத்தகை. சொந்தக்காரரின் சம்மதம் வேண்டியதில்லை. கரிசல்காட்டில் புரட்டாசி மழைக்கு விதைத்துத் தையில் அறுத்துவிட்டால், அடுத்த மழை வரைக்கும் நிலம் வெடித்துச் சும்மாதான் கிடக்கும். அப்படிக் கிடந்தால்தான் அடுத்த வெள்ளாமைக்கு அதில் தெம்பு இருக்கும். சித்திரையில் அதைப் படம் பிடித்துப் பயிர் இல்லை என்பது, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தைப் படம் பிடித்து ஊரில் பிள்ளைகளே இல்லை என்பதைப் போல. மசோதா எழுதிய அதிகாரி எத்தனை பட்டம் வாங்கியவரோ தெரியாது. ரோட்டோரம் ஆடு மேய்க்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் சொல்லிக் கொடுத்திருப்பான்.

பத்திரகாளியின் நிலம் இடைசெவலுக்குக் கிழக்கே இருக்கிறது. தாய்வழியில் வந்தது. உளுந்தும் பாசிப்பயறும் போடுவாள். மழை ஏய்க்காத வருஷம் ஓரத்தில் கம்பும் நிற்கும். போன சித்திரைப் படத்திலேயே அது தரிசுப் பட்டியலில் ஏறிவிட்டதென்று வி.ஏ.ஓ. வந்து சொல்லிவிட்டுப் போனார். மசோதா சட்டமாக வேண்டியதுதான் பாக்கி. சோறு வேகுமுன்னே இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் சும்மா இருக்கவில்லை. கோர்ட் எதிரே இருக்கும் வக்கீல் வேதமணியைப் போய்ப் பார்த்தாள். அவர் நாலாவது பிரிவுக்கு ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தார்: 'வருவாய்ப் பதிவேட்டில் மானாவாரி என்று பதிவான நிலம் நீங்கலாக.' இங்கிலீஷில் எழுதும்போதும் மானாவாரி என்பதை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் வைத்தார்.

"வேற வார்த்தை போட்டோம்னா அதுல ஓட்டை தேடுவான். கவர்மென்ட் ரெக்கார்டுல இருக்க வார்த்தையை அவன் தலையிலயே கட்டுவோம்" என்றார். நல்ல யோசனைதான். நல்ல யோசனைகளெல்லாம் ஒரு மடையன் கைக்குப் போய்ச் சேரும்வரை நல்ல யோசனைகள்தான்.

எம்.பி. சோலைராஜை மூன்று தடவை நேரில் பார்த்தாள். தீப்பெட்டி ஆலை முதலாளியின் ஒரே மகன். எட்டு வயதில் ஊட்டியில் கொண்டுபோய் விட்டார்கள். படிப்பெல்லாம் முடித்து, பிறகு வெளிநாட்டிலும் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, முப்பத்தாறு வயதில் வேட்பாளராகத்தான் ஊருக்கு வந்து இறங்கினான். தேர்தல் சமயத்தில் அவள் நிலத்துக்கே வந்து, தலையில் துண்டு கட்டி, கம்மங்கூழ் குடிப்பதைப் போல் போட்டோவுக்கு நின்றான். குடித்தது பாதி மடக்கு. மிச்சத்தைக் கூட வந்தவனிடம் தள்ளியதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டும் ஓட்டுப் போட்டாள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி எங்கே போச்சு என்று இப்போது அவளே தன்னைத் திட்டிக்கொள்வாள்.

மூன்று தடவையும் அவன், "கட்டாயம் பேசுதேன் அக்கா" என்றான். அந்த 'பேசுதேன்' தேர்தலுக்காகப் படித்துக்கொண்டது. திருத்தத்தை வாங்கி நாடாளுமன்றத்தில் கொடுத்துவிட்டான், அதுவரை சரி. மானாவாரி என்றால் என்னவென்று வக்கீலும் அவனுக்குச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. கோவில்பட்டிக்காரனுக்கு மானாவாரியை விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதல்லவா என்று இருந்துவிட்டார்கள்.

பதினோரு மணிக்குச் சபை கூடியது. எழுந்தார்கள், கத்தினார்கள், அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடுவே ஓடினார்கள். சபைத் தலைவர் உட்காரச் சொல்லி நாலு தடவை கெஞ்சிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு ஒத்திவைத்தார். மொத்தம் ஆறு நிமிஷம். பன்னிரண்டுக்குக் கூடி அதே கூத்தை இன்னும் சுருக்கமாக நடத்திவிட்டு, இரண்டு மணி என்று சொல்லிச் சாப்பிடப் போனார்கள்.

"ஏட்டி, இவ்வளவுதானா?" என்று பத்திரகாளி கேட்டாள். கம்ப்யூட்டர் வேலைக்கு இருக்கும் வினோலியா, "தினமும் இப்படித்தான்க்கா" என்றாள்.

"களை எடுக்க வந்த ஆளு ஆறு நிமிஷத்துல வரப்புல ஏறுனா நான் கூலி கொடுப்பேனா?"

அலுவலகப் பொறுப்பாளர் மாயகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கட்சித் தலைவர் படம். "அதெல்லாம் பெரிய இடத்து நடைமுறைக்கா. நமக்குப் புரியாது" என்றார். எழுபது வயது வரை அவருடைய அப்பா ஏர் பிடித்தவர். மகன் நடைமுறை பிடித்துக்கொண்டார்.

இரண்டு மணிக்குப் பிறகு மசோதா வந்தது. எதிர்த்துப் பேச வேண்டியவர்கள் வேறு எதற்கோ கோபித்துக்கொண்டு வெளியே போயிருந்தார்கள். ஆதரித்துப் பேசியவர் அமைச்சரைச் சூரியன் என்றார். அடுத்தவர் எழுந்து, சூரியன் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு சூரியன் என்றார். ஊர் நிலத்தைப் பிடுங்கும் சட்டத்துக்கு இவ்வளவுதான் விவாதம். பத்திரகாளி சாப்பிடக்கூடப் போகவில்லை. காலையில் குடித்த காப்பியோடு இருந்தாள்.

நாலாவது பிரிவு வந்ததும் தலைவர் சோலைராஜின் பெயரைக் கூப்பிட்டார். அலுவலகத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் விசிலடித்தார்கள். டி.வி.யில் சோலைராஜ் எழுந்து கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, வேதமணி எழுதிக் கொடுத்ததை நிறுத்தி நிதானமாக வாசித்தான். குரல் கணீரென்று இருந்தது. அவளுக்கே ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. பயல் பேசிவிட்டானே என்று நினைத்தாள்.

அமைச்சர் எழுந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். வினோலியா உடனே சொன்னாள்: "மானாவாரிங்கிற வார்த்தை எங்களுக்குப் புரியல, உறுப்பினர் தயவுசெஞ்சு விளக்கணும்னு கேக்காருக்கா."

நல்ல கேள்வி. இதைவிடத் தோதான சந்தர்ப்பம் யாருக்கு வாய்க்கும்? மழையை நம்பி விதைக்கிற நிலம், கோடையில் காலியாகத்தான் கிடக்கும், அது தரிசு இல்லை. இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். பத்திரகாளி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "சொல்லு தம்பி, சொல்லு" என்று டி.வி.யிடமே சொன்னாள்.

சோலைராஜ் காகிதத்தைப் பார்த்தான். காகிதத்தில் அதற்கு விளக்கம் இல்லை. மேலே பார்த்தான். பிறகு முகம் மலர்ந்தது.

"சார், மானாவாரி மீன்ஸ் பிளென்டி. வெரி பிளென்டி, சார்."

மாயகிருஷ்ணன் கை தட்டினார். வினோலியா தட்டவில்லை.

"ஏட்டி, என்ன சொன்னான்?"

"ஏராளம்னு அர்த்தம் சொல்லிட்டாருக்கா."

பத்திரகாளிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஒரு பேச்சு உண்டுதான். சந்தையில் தக்காளி வந்து குவிந்தால் மானாவாரியாகக் கிடக்கிறது என்போம். யார் எவர் என்று பாராமல் ஒருவன் வாய்க்கு வந்தபடி ஏசினால் மானாவாரியாக ஏசினான் என்போம். சோலைராஜ் சின்ன வயதில் அப்பாவின் ஆலை கேட்டுக்குள் நின்று காதில் வாங்கிய மானாவாரி அதுதான். ஆனால் நிலத்தின் பக்கத்தில் அந்தச் சொல் வந்து நின்றால் இந்தப் பக்கத்தில் நண்டுசிண்டுக்கும் தெரியும், அது வானம் பார்த்த பூமி. தெரியாதவன் ஒருத்தன்தான். அவனைத்தான் பொறுக்கியெடுத்து டெல்லிக்கு அனுப்பியிருந்தார்கள்.

அமைச்சர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். வினோலியாவின் குரல் இறங்கிப் போயிற்று. "அவர் பகுதியில நிலம் ஏராளமா கிடக்குன்னு உறுப்பினரே பெருமையாச் சொல்லிட்டாரு. ஏராளமா இருக்கதை எதுக்கு விலக்கணும்? திருத்தத்தைத் திரும்ப வாங்கிக்கிடணும்னு கேக்காருக்கா."

அதற்கு முன் அமைச்சர் அவனை 'என் இளம் நண்பர்' என்றிருந்தார். அது போதுமானதாக இருந்தது. சபை மேஜையைத் தட்டியது. யாரைத் தட்டுகிறார்கள் என்று அறியாமல் அவனும் சேர்ந்து தட்டினான். எழுந்து கும்பிட்டு, "ஐ வித்டிரா, சார்" என்றான்.

திருத்தம் போயிற்று. ஆதரிக்கிறவர்கள் ஆம் என்க என்றார் தலைவர். ஆம் என்று ஒரு சத்தம். எதிர்க்கிறவர்கள் இல்லை என்க. வெளியே போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. நாலாவது பிரிவு நிறைவேறியது, மிச்சப் பிரிவுகள் கொத்தாக நிறைவேறின, மசோதா நிறைவேறியது. அடுத்த அலுவல் என்று தலைவர் காகிதத்தைப் புரட்டினார். ஒரு கோழி முட்டையிட எடுத்துக்கொள்ளும் நேரம்கூட இல்லை.

வாசலில் யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். மாயகிருஷ்ணன் லட்டுத் தட்டோடு வந்தார்.

"அண்ணாச்சி, மானாவாரின்னா என்னன்னு உமக்குமா தெரியாது?" என்று பத்திரகாளி கேட்டாள்.

அவர் தட்டைப் பார்த்தார். "தெரியும்க்கா. அவிய சபையில சொன்னதுக்குப் பெறகு நாம என்னத்தச் சொல்ல?"

"ஒம்ம அய்யா இருந்தா செருப்பால அடிச்சிருப்பாரு."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. அந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. எடுத்துக் குனிந்து நின்று நாலு தடவை "சரிங்க" சொல்லிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு அவளிடம் நீட்டினார். "எம்.பி. பேசுதாவ. ஒங்ககிட்டதான்."

"அக்கா, டி.வி. பாத்தீங்களா?" சோலைராஜின் குரலில் சந்தோஷம் பொங்கியது. "அமைச்சரே என்னை நண்பர்னு சொல்லிட்டாரு!"

"பாத்தேன் தம்பி. திருத்தம் என்னாச்சு?"

"வாபஸ் வாங்கிட்டேன்க்கா. அவ்வளவு பெரிய மனுஷன் சபையில வச்சுக் கேக்காரு, மாட்டேன்னு சொல்ல முடியுமா? ஆனா நீங்க சொன்னது சபைக் குறிப்புல ஏறிட்டு. இனி அதை யாராலயும் அழிக்க முடியாது."

"என் நாலு ஏக்கர் போச்சு தம்பி."

"நாலு ஏக்கர்தானக்கா? நம்ம பக்கம் நிலம் மானாவாரியா கிடக்குல்லா!"

அறையில் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். வாய் நிறைய வசவு வந்து நின்றது. ஆனால் இவனைத் திட்டுவதென்றாலும் இவனுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டுமே. கண்ணில் நீர் வந்ததை அவள் துடைக்கவில்லை. அது அழுகை இல்லை, அவமானம். இவனுக்கு வாய் கொடுத்தது தன் விரல் மை என்ற அவமானம்.

"ஆமா தம்பி" என்றாள். "நிலம் மட்டுமா? ஒங்களுக்கு ஓட்டும் நாங்க மானாவாரியாத்தான் போட்டோம்."

வினோலியா வாயைப் பொத்திக்கொண்டாள். மாயகிருஷ்ணன் தட்டை மேஜையில் வைத்தார். டெல்லியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ரொம்ப நன்றிக்கா! அடுத்த தடவையும் அப்படியே போட்டுருங்க."