கத்துவதற்கு முன் கூப்பிடவும்

"எத்தனை நாள் ஆகும்?" என்றுதான் மிதியக்கா முதலில் கேட்டாள்.

"குறைஞ்சது ஆறு மாசம். பெரும்பாலும் ஒரு வருஷம்" என்றார் மனநலக் கவுன்சிலர்.

"ஒரு வருஷமா! அதுக்குள்ள நான் ஒரு ஊருக்கே லைசென்ஸ் வாங்கிக் குடுத்துடுவேனேம்மா."

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "மிதி! மிதி!" என்று அவள் போடும் சத்தத்தில் அடுத்த தெருக்காரன்கூட பிரேக்கை மிதிப்பான். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் அவளுக்குக் கண் மண் தெரியாது. போன மாதம் ஒரு சாப்பாட்டுத் தட்டு மகளின் காதோரமாகப் பறந்து சுவரில் மோதியது. மறுநாளே மகள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். "டயலெக்டிகல் பிஹேவியர் தெரபின்னு, கோபத்தைக் கையாளக் கத்துக்குடுக்கிற சிகிச்சை ஒண்ணு இருக்கு. அதுல சேரு. அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஒரே மகள். அக்கா வாயைத் திறக்காமல் வந்து சேர்ந்துவிட்டாள்.

சேர்ந்த பிறகு கேள்வி கேட்ட வாயை மூடவில்லை. மற்றவர்களோடு உட்காரும் குரூப்பில் வீட்டுக் கதையெல்லாம் சொல்ல வேண்டுமா? வேண்டாம், அது வகுப்பு, வீட்டுப்பாடம்கூட உண்டு. எனக்கு என்ன பைத்தியமா? இல்லை. "நீங்க இருக்கிறபடியே உங்களை ஏத்துக்கணும். அதே நேரத்துல மாறவும் செய்யணும். ரெண்டும் சேர்ந்ததுதான் இந்த முறை" என்றார் கவுன்சிலர்.

"கிளச்சை விட்டுக்கிட்டே ஆக்சிலேட்டர் குடுக்கிற மாதிரியா?"

கவுன்சிலருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. குத்துமதிப்பாகத் தலையை ஆட்டிவைத்தார்.

"தாங்க முடியாம போனா எனக்குப் போன் பண்ணுங்க. ஆனா கத்துறதுக்கு முன்னாடி. சண்டை முடிஞ்சு யாரு ஜெயிச்சதுன்னு சொல்றதுக்கு இல்ல."

"முன்னாடியேவா? எனக்கு அது வர்ற சத்தமே கேக்காதேம்மா."

"கேக்கும். அப்ப முகத்துல ஜில்லுனு தண்ணி படணும், நெஞ்சுத் துடிப்பு சட்டுனு இறங்கும். இருதயத்துல கோளாறு எதுவும் இல்லையே?"

"இருந்திருந்தா இந்தத் தொழில்ல எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

மூன்றாவது வாரம், சிவப்பு விளக்கில் நின்றிருந்தார்கள். ஸ்டியரிங்கில் ஒரு பல் டாக்டர். ஊரார் வாய்க்குள் நடுங்காமல் ஊசி போடுகிற கை கியரைத் தொட்டால் தந்தியடிக்கும். முன்னால் நின்ற காரும் பயிற்சி வண்டிதான், எதிர்த்தெரு ஸ்கூலுடையது. அதை ஓட்டுவது யார் என்று பார்த்தாள் அக்கா.

மகள்.

பெற்ற தாய் குத்துக்கல்லாட்டம் இங்கே இருக்க, போயும் போயும் அந்த எதிர்த்தெரு மாஸ்டரிடமா! கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அவளுடைய மூச்சுதான், துருத்தி மாதிரி. அக்கா போனை எடுத்துக் கவுன்சிலரைக் கூப்பிட்டாள்.

"அம்மா, வருது!"

"தண்ணி இருக்கா?"

டாக்டர் ஐஸ் போட்டுக் கொண்டுவந்த பாட்டிலைப் பிடுங்கி, அண்ணாந்து, முழுவதையும் முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள். டாக்டர் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டார்.

பச்சை விழுந்தது. முன்வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. மறுபடியும் கிளம்பி, மறுபடியும் அணைந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. டாக்டரும் ஹாரனில் கை வைத்தார்.

"கையை எடுங்க டாக்டர். அவ எடுப்பா."

எதிர்த்தெரு மாஸ்டர் ஒரு வார்த்தைகூடச் சொன்னதாகத் தெரியவில்லை. சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இந்தப் பொறுமையைத் தேடித்தான் மகள் போயிருக்கிறாள் என்று அக்காவுக்குப் புரிந்தது. அந்த மனுஷன் மேல் பொறாமையாக இருந்தது. தன் மேல் வெட்கமாகவும் இருந்தது.

"லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

"இருக்கேம்மா. இன்னும் கத்தல."

இந்த முறை முன்வண்டியின் இன்ஜின் அணையாமல் பிடித்துக்கொண்டது. எடுப்பதற்கு முன் மகள் ஒழுங்காகக் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள். அக்காவின் நெற்றியிலிருந்தும் கன்னத்திலிருந்தும் தாடையிலிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. அதெல்லாம் பாட்டில் தண்ணீர் என்று மகளுக்கு எப்படித் தெரியும்?

டாக்டர் பதறிப்போய்க் கைக்குட்டையை நீட்டினார்.

"வேணாம் டாக்டர்" என்றாள் அக்கா, கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல். "கொஞ்சம் அப்படியே இருக்கட்டும்."