வேனுக்கு வைத்த இரண்டு மூக்கு

என் வேனின் எஞ்சின் நான் உட்காரும் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கினால் எஞ்சின், இறக்கினால் நான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தகரத் தட்டும் அதன்மேல் நைந்துபோன மெத்தையும்தான். அது சூடானாலும் இருமினாலும் முதலில் என் உடம்புக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டதை விற்கப் போகிறேன் என்று அண்ணன் வந்து நின்றால் கோபம் வருமா, வராதா?

அப்பா போகும்போது வேனை எங்கள் இரண்டு பேர் பேரிலும் எழுதிவைத்துவிட்டுப் போனார். அண்ணனுக்குப் பெயின்ட் கடை. வேனைத் துடைக்கக்கூட அவன் கை வைத்ததில்லை. காலையும் மாலையும் கல் உடைக்கும் ஆலைக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது நான். என் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேனால். வேன் போனால் ஆலை வேலையும் போகும். அப்புறம் அண்ணன் கடையில் டப்பா துடைத்துக்கொண்டு, அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். "நம்ம கடை இருக்கும்போது உனக்கு எதுக்கு இந்தத் தலையெழுத்து?" என்று அதை ஏதோ வரம் தருவதுபோல வேறு சொன்னான்.

அவன் விற்கச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. எஞ்சினை இரண்டு தடவை பிரித்தாகிவிட்டது. ஆலைப் பாதையில் கல்தூசி கணுக்கால் ஆழத்துக்கு மாவாகக் கிடக்கும். இந்த வேனைச் செய்த புண்ணியவான்கள் எஞ்சின் காற்று இழுக்கிற வாயைக் கொண்டுபோய் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சக்கரம் வாரி இறைப்பதை எஞ்சின் அப்படியே விழுங்கும். விழுங்கினால் தேயாமல் என்ன செய்யும்?

அண்ணனுக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். "பொம்பள ஓட்டினா வண்டி இப்படித்தான். மிதிச்சே கொன்னுட்ட" என்றான்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம். ஓட்டவே தெரியாத நீ என்னைக் கோணல்ங்கிற. அது மூச்சு விடற எடம் சரியில்ல. வேற எடத்துல ஃபில்டர் வச்சா வண்டி ஓடும்."

"வச்சுத்தான் பாரேன். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை கோழி வியாபாரி வண்டி பாக்க வர்றாரு. அவரு முன்னாடி மூட்டையோட ஆலை மேட்டுல புகை விடாம ஏறினா விக்கல. ஏறலன்னா வாயத் தொறக்காம கையெழுத்துப் போடணும்."

"போடறேன்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

மெக்கானிக் சீட்டைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சீட்டை இறக்கினார். "எள்ளு போட்டா எள்ளு விழாதும்மா இதுக்குள்ள. இதுல நீ ஃபில்டர் வைக்கப் போறியா?" அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு பக்கம் பேட்டரி, ஒரு பக்கம் டைனமோ, நடுவே வயரும் குழாயும் பின்னிக் கிடந்தன. எங்கே கை விட்டாலும் ஏதோ ஒன்று கையைக் கடித்தது.

பெரிய ஃபில்டர் ஒன்றுக்கு இடமில்லை. ஆனால் பைக்குக்குப் போடுகிற கூம்பு ஃபில்டர் சின்னது. ஒன்று வைத்தால் இந்த எஞ்சினுக்குக் காற்று பற்றாது, இரண்டு வைத்தால் பற்றும். மனுஷனுக்கே மூக்கில் இரண்டு துவாரம் இருக்கிறது, வேனுக்கு இருந்தால் என்ன? செருப்பு டப்பா அட்டையை வெட்டி வெட்டி உள்ளே வைத்துப் பார்த்தேன். பேட்டரியைக் கொஞ்சம் நகர்த்தினால், கதவை ஒட்டிய மூலையில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். அந்த மூலை தரையிலிருந்து உயரம், சக்கரத்துக்கு எட்டாத இடம். அட்டை வடிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், சைலன்சர் பற்றவைப்பவர் இரண்டு வாய் ஒன்றாகச் சேரும் குழாய் ஒன்று செய்து கொடுத்தார்.

ஆலை விடுமுறை அன்று காலையிலேயே ஆரம்பித்தேன். அண்ணி வந்து டார்ச் பிடித்தாள். எஞ்சின் சூடு ஃபில்டர் பக்கம் போகாமல் தடுக்க ஒரு தகரம் வேண்டும் என்றதும் வீட்டுக்குப் போய் ஒரு காலி பெயின்ட் டப்பாவோடு வந்தாள்.

"கடையிலேர்ந்தா? அண்ணன் ஒண்ணும் சொல்லலயா?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு" என்றாள். அண்ணி அதிகம் பேசமாட்டாள், ஆனால் பேசினால் இப்படித்தான்.

டப்பாவை வெட்டி, விரித்து, மறைப்பாக வளைத்து மாட்டினேன். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. கிளிப்பை மாட்டக் கை போனால் கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரிந்தால் கை போகாது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, தடவித் தடவியே இறுக்கினேன். விரல் முட்டி தோலுரிந்தது. ஒரு நட்டு நழுவி உள்ளே விழுந்து, எங்கேயோ இரண்டு தடவை டிங் டிங் என்று சிரித்துவிட்டுக் காணாமல் போனது. அதைக் காந்தம் கட்டிய குச்சியால் மீன் பிடிப்பதுபோலத் தேடி எடுப்பதற்குள், என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் கேட்டு அண்ணி டார்ச்சை அணைத்துவிட்டாள்.

கடைசியாக, ஃபில்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய். எஞ்சினுக்கு மேலே, சீட்டுத் தகரத்துக்குக் கீழே ஓடுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. இடிக்கிறதா என்று பார்க்க, என் மகள் விளையாடும் களிமண்ணில் ஓர் உருண்டையைக் குழாய்மேல் வைத்து, சீட்டை இறக்கி, மறுபடி தூக்கினேன். உருண்டை கொஞ்சம்தான் நசுங்கியிருந்தது. ஒரு விரல் இடைவெளி இருக்கிறது என்று திருப்தியாகிவிட்டேன். என்னைப் போன்ற கெட்டிக்காரி ஊரிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டு சீட்டைப் பூட்டினேன்.

வேன் பிறந்த குழந்தைபோல மூச்சு விட்டது. அந்த வாரம் முழுவதும் ஆலைக்கு ஓட்டினேன். புகை இல்லை, இருமல் இல்லை. வண்டியில் வருபவர்களே "என்ன, எஞ்சின மாத்திட்டியா?" என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை மேட்டின் அடியில் எல்லாரும் கூடினோம். கோழி வியாபாரி ஸ்கூட்டரில் வந்திருந்தார். அண்ணனைவிட ஒரு சுற்று பெருத்த மனிதர். நான் வேனில் ஏறி, மூட்டைகளோடு மேட்டில் ஏற்றி, திருப்பி, இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தினேன். புகையே இல்லை. அண்ணன் முகம் சுருங்கியது.

"நீ ஏதோ பழக்கத்துல ஏத்திட்ட. நான் ஏத்திப் பாக்கறேன்" என்றான்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் வச்சிருக்கேன்ல?"

ஏறி உட்கார்ந்தான். வேன் ஒரு பக்கம் சாய்ந்து வரவேற்றது. பாதி மேட்டில் திணறியது, கரும்புகையைக் கக்கியது, நின்றுவிட்டது. அண்ணன் ஜன்னல் வழியே கையை நீட்டிச் சிரித்தான். "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்."

ஓடிப்போய் அவனை இறக்கிவிட்டு நான் ஏறினேன். வேன் நல்ல பிள்ளையாக மேட்டில் ஏறி இறங்கியது. "இப்ப சூடு ஆறியிருக்கும், அதான்" என்று அண்ணன் மறுபடி ஏறினான். மறுபடி புகை. அண்ணியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, மூளை ஓடிக்கொண்டிருந்தது.

"எறங்காத, அப்படியே உக்காந்திரு" என்று சொல்லிவிட்டு, கதவோரத்துச் சின்ன மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அண்ணன் பாரத்தில் சீட்டுத் தகரம் நடுவில் குழிந்து ரப்பர் குழாய்மேல் உட்கார்ந்திருந்தது. குழாய் நசுங்கிக் கிடந்தது. காற்று எங்கிருந்து வரும்? களிமண் வைத்துப் பார்த்தபோது சீட்டில் யாரும் உட்காரவில்லை. ஆள் உட்காருகிற சீட்டை ஆள் இல்லாமல் அளந்திருக்கிறேன். என் கனத்துக்குத் தகரம் அவ்வளவாக வளையாததால் வாரம் முழுவதும் எனக்குத் தெரியவே இல்லை.

"என்ன கோளாறு?" என்று கோழி வியாபாரி பக்கத்தில் வந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார், சின்ன விஷயம். என் தங்கச்சி இப்பவே சரி பண்ணிடுவா" என்றான் அண்ணன். இவ்வளவு நேரம் ஒன்றுக்கும் உதவாத வண்டி, விற்கப் போகிறோம் என்றதும் சின்ன விஷயமாகிவிட்டது! அதைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"சார், உள்ளத உள்ளபடி சொல்றேன்" என்றேன். "என்னைவிட கனமான ஆளு உக்காந்தா காத்துக் குழாய் நசுங்குது. ரப்பருக்குப் பதிலா இரும்புக் குழாய் போட்டா யாரு உக்காந்தாலும் ஓடும். ஒரு மணி நேர வேலை. மெக்கானிக் கிட்டயே அந்தக் குழாய் கெடக்கு. எனக்குப் போடத் தெரியும். ஆனா போட மாட்டேன். இதுல பாதி என்னோடது, என் பாதிய நான் விக்கல."

"ஏய், பேச்சு மாறாத!" அண்ணன் சீட்டிலிருந்தபடியே கத்தினான். "மேடு ஏறலன்னா கையெழுத்துப் போடறேன்னு சொன்னல்ல?"

"ஏறுச்சே. ரெண்டு தடவ ஏறுச்சு. எல்லாரும்தானே பாத்தீங்க?"

"நான் உக்காந்தா ஏறல!"

"நீ எதுக்குண்ணா அங்க உக்கார்ற?"

அவன் ஸ்டீயரிங்மேல் இருந்த தன் கைகளைக் குனிந்து பார்த்தான். அந்த சீட்டில் உட்கார அவனுக்கு ஒரு காரணமும் இல்லை என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது, ஆனால் ரொம்ப இல்லை.

கோழி வியாபாரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்ல வீட்ல பேசி முடிங்க" என்று ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"எறங்கு" என்றேன்.

அண்ணன் இறங்கினான். நான் ஏறி உட்கார்ந்தேன். அண்ணி பின்னால் மூட்டைகளுக்கு நடுவே போய் இடம் பிடித்துக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் தூசியில் நின்றான். வீடு நடக்கிற தூரமில்லை. கடைசியில் வண்டியைச் சுற்றி வந்து, அடுத்த பக்கத்துக் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறந்ததிலிருந்து அவனாக வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் நான்தான் போய் அவன் பக்கத்தில் உட்காருவேன்.

ஆலைப் பாதை முடிந்து தார் ரோடு வந்ததும் கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"அந்தக் குழாய மாத்தவே மாட்டியா?"

"மாத்துவேன். நான் உன்ன மாதிரி குண்டாகும்போது மாத்திக்கறேன்."

பின்னால் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். நான் கியரை மாற்றினேன்.